பேட் கைப்பிடிக்குள்ள இருக்கிற இருநூறு வருஷக் கதை

1/
கிரிக்கெட் பேட் வாங்கப் போறவங்க என்ன பார்ப்பாங்க? பிளேடுல எத்தனை கோடு ஓடுது, எட்ஜ் எவ்வளவு தடிமன், பந்தால தட்டினா என்ன சத்தம். கைப்பிடியை யாரும் ரெண்டாவது தடவை திரும்பிப் பார்க்கறதில்ல. பந்து படறது பிளேடு மேல. ஆனா அந்த அடி கடைசியா வந்து சேர்ற இடம் கை. நடுவுல நிக்கிறது கைப்பிடி மட்டும்தான். அதோட வரலாறுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
இதை ஏன் ஒரு டாக்டர் எழுதணும்? நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் சுத்துவட்டாரத்துல மஞ்சள் காட்டுலயும் தறியிலயும் லாரியிலயும் ஆறு நாள் உழைச்சிட்டு, ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் ஆடற பசங்க ஏராளம். அவங்க முழங்கை வலின்னு வந்தா நான் கேக்கற கேள்விகள்ல ஒண்ணு: "தம்பி, உங்க பேட் கைப்பிடியில என்ன சுத்தியிருக்கீங்க?" முதல்ல சிரிப்பாங்க. அப்புறம் யோசிச்சு பதில் சொல்வாங்க.

3/
பதில்கள் பலவிதம். சைக்கிள் டியூப். கருப்பு இன்சுலேஷன் டேப். நூல் சுத்தி அதுக்கு மேல டேப். கிரிப்புக்கு மேல கிரிப்பு. மெடிக்கல் ஷாப்ல வாங்கின பிளாஸ்டர். யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கல. தலைமுறை தலைமுறையா மைதானத்துல பார்த்துக் கத்துக்கிட்டது. ஆனா இங்கிலாந்துல இதே பிரச்சினைக்கு இருநூறு வருஷமா என்னென்ன பண்ணாங்கன்னு பார்த்தா, நம்ம பசங்க அதே பாதையிலதான் நடக்கறாங்கன்னு புரியும்.

4/
முதல்ல நம்ம ஊர் பேட்டுல இருந்தே ஆரம்பிப்போம். தமிழ்ல கிரிக்கெட்டுக்கு மட்டைப்பந்துன்னு பேர். நம்மள்ல பாதிப் பேருக்கு முதல் பேட்டே தென்னை மட்டைதான். மரத்தோட ஒட்டியிருந்த அகலமான அடிப்பகுதி பிளேடு. ஓலைப் பக்கம் ஒடுங்கிப் போற பகுதியை அரிவாளால செதுக்கினா கைப்பிடி. எல்லாம் ஒரே துண்டு. இணைப்பே கிடையாது.

5/
இங்கிலாந்திலும் அப்படித்தான் ஆரம்பிச்சது. இன்னைக்கு இருக்கிறதுலயே பழைய பேட், 1729ஆம் வருஷம் பொறிச்ச ஒண்ணு, லண்டன் ஓவல் மைதானத்துல பாதுகாப்பா இருக்கு. ஒரே மரத்துண்டு. பார்க்க ஹாக்கி மட்டை மாதிரி அடியில வளைஞ்சிருக்கும். காரணம், அப்போ பந்தைத் தரையோட உருட்டித்தான் விடுவாங்க. கூட்டித் தள்ற மாதிரி அடிக்க வளைஞ்ச மட்டைதான் வசதி.

6/
1760களுக்கு அப்புறம் பந்தைத் தூக்கிப் போட்டு எழுப்புற பழக்கம் வந்துச்சு. பேட்டும் நேராச்சு. 1771ல ஒருத்தர் ஸ்டம்பை முழுசா மறைக்கிற அளவுக்கு அகலமான பேட்டைத் தூக்கிட்டு வந்து பெரிய சண்டையாகி, பேட்டோட அகலம் 4¼ அங்குலத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு முடிவாச்சு. இன்னைக்கு வரைக்கும் அதே அளவுதான். சட்டம் பிளேடைப் பத்தி அப்பவே கவலைப்பட்டுச்சு. கைப்பிடியைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல.

7/
கைப்பிடியைப் பேச வச்சது பௌலர்கள். 1835ல தோள் உயரம் வரைக்கும் கையைத் தூக்கிப் பந்து வீசலாம்னு விதி மாறுச்சு. 1864ல தலைக்கு மேலயும் தூக்கலாம்னு ஆச்சு. ஒவ்வொரு தடவை கை உயர்ந்தப்பவும் பந்தோட வேகம் கூடுச்சு. வேகம் கூடினதும் ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒரே துண்டு பேட் கழுத்துல உடைஞ்சது. உடையலைன்னா கை எரிஞ்சது.

8/
கை ஏன் எரியுது? கடப்பாரையால பாறை மேல குத்தினவங்களுக்குத் தெரியும். கை 'விண்'ணுனு தெறிக்கும். பந்து பேட்டுல பட்டிருக்கிற நேரம் ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்குதான். ஆனா பேட் அதுக்கப்புறமும் அதிர்ந்துக்கிட்டே இருக்கும், நொடிக்கு நூறு தடவைக்கு மேல. பிளேடுல ஒரு குறிப்பிட்ட இடத்துல பட்டா அந்த அதிர்வு மிகக் குறைவு. 'மிடில் ஆச்சு'ன்னு நாம சொல்றது அந்த இடத்தைத்தான். தள்ளிப் பட்டா மொத்த அதிர்வும் கைக்கு வரும்.

9/
அப்போ பேட் செய்யறவங்க முன்னால ரெண்டு கேள்வி. உடையாத கைப்பிடி எப்படிச் செய்யறது? கையைச் சுடாத கைப்பிடி எப்படிச் செய்யறது? பார்க்க ஒரே கேள்வி மாதிரி தெரியும். ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி. இறுக்கமா இருந்தா உடையாது, ஆனா கை சுடும். வளைஞ்சு கொடுத்தா கை சுடாது, ஆனா அடியில வேகம் போயிடும். இன்னைக்கு வரைக்கும் இந்த இழுபறிதான் கைப்பிடியோட மொத்த வரலாறு.

10/
முதல் தீர்வு, உடைஞ்ச கைப்பிடியை எடுத்துட்டு வேற மரத்துல ஒண்ணு செதுக்கிப் பொருத்தறது. மண்வெட்டிக்குக் காம்பு மாத்தற கதைதான். இப்படிச் செய்யச் செய்ய ஒண்ணு புரிஞ்சுது: பிளேடும் கைப்பிடியும் ஒரே மரமா இருக்கணும்னு அவசியமே இல்ல. பிளேடுக்கு லேசான வில்லோ மரம். கைப்பிடிக்கு அதிர்வைத் தாங்கற வேற ஏதாவது.

11/
அந்த 'வேற ஏதாவது' என்னன்னு தேடறதுலயே பல வருஷம் போச்சு. திமிங்கிலத்தோட வாய்க்குள்ள சீப்பு மாதிரி தொங்கற தகடு இருக்கும். வளையும், உடையாது. அதைக் கைப்பிடிக்குள்ள சொருகிப் பார்த்தாங்க. ரப்பர் பட்டையை வச்சுப் பார்த்தாங்க. நம்ம பையன் கைப்பிடி மேல டியூப் மாட்டறான். அவங்க அதே ரப்பரைக் கைப்பிடியைப் பிளந்து உள்ளே வச்சாங்க. நோக்கம் ஒண்ணுதான்.

12/
1853வாக்குல நாட்டிங்ஹாம்ஷர் ஆட்டக்காரர் தாமஸ் நிக்சன் பிரம்பைக் கொண்டுவந்தார். அங்கதான் கதை திரும்புது. பிரம்பு மரமில்ல. பனை, தென்னை குடும்பத்துக் கொடி. உள்ளே நீளவாக்குல நார் நாரா ஓடும், வளைஞ்சிட்டு நேராகும். பள்ளிக்கூடத்துல வாத்தியார் கையில இருந்தப்போ நம்ம உள்ளங்கையைப் பதம் பார்த்த அதே பிரம்பு, பேட்டுக்குள்ள போனதும் உள்ளங்கையைக் காப்பாத்துச்சு.

13/
ஒரே பிரம்பை அப்படியே சொருகினா சரிவராது. பிரம்பைச் சட்டம் சட்டமா அறுத்து, பல துண்டுகளை ஒட்டி, நடுவுல ரப்பர் இல்லைன்னா கார்க் பட்டைகளை வச்சு, கடைசல்ல உருட்டறாங்க. இன்னைக்கு நல்ல பேட்டை மேல இருந்து பார்த்தா, கிரிப்பைக் கொஞ்சம் இறக்கினா அந்தக் கட்டங்கள் தெரியும். பந்து பட்டதும் பிரம்புத் துண்டுகள் ஒண்ணை ஒண்ணு கொஞ்சமே கொஞ்சம் உரசி நகரும். நடுவுல இருக்கிற ரப்பர் அந்த அதிர்வைக் குடிச்சிடும்.

14/
சரி, கைப்பிடி தயார். ஆனா அது பிளேடோட சேர்ற இடத்துல தொடர்ந்து உடைஞ்சது. குறிப்பா இணைப்போட மூலையில. இதைத் தீர்த்தவர் பேட் செய்யறவர் இல்ல. ரயில்வே என்ஜினீயர். பேர் சார்லஸ் ரிச்சர்ட்சன். புகழ்பெற்ற என்ஜினீயர் புருனெலோட சீடர். இங்கிலாந்துல செவர்ன் ஆத்துக்கு அடியில 1873ல தோண்ட ஆரம்பிச்சு 1886ல திறந்த ஏழு கிலோமீட்டர் ரயில் சுரங்கத்தோட முதல் தலைமை என்ஜினீயர்.

15/
1880கள்ல அவர் பண்ணது இதுதான். கைப்பிடியோட அடிப்பக்கத்தை ஆப்பு மாதிரி சீவி, பிளேடுல 'வி' வடிவத்துல வெட்டி உள்ளே இறக்கினார். மேல தடிமனா ஆரம்பிச்சு கீழே போகப்போக ஒடுங்கும். அதனால விசை ஒரே இடத்துல 'டக்'னு மாறாது. கொஞ்சம் கொஞ்சமா பிரம்புல இருந்து வில்லோவுக்குப் பரவும். மூலையில விழுந்த சுமை முழு நீளத்துக்கும் பகிர்ந்துச்சு. இன்னைக்கு உங்க வீட்டு பேட்டைப் பாருங்க. அந்த 'வி' அவரோடது.

16/
இதைப் படிச்சப்போ நான் அசந்துட்டேன். ஏன்னா நம்ம உடம்பும் இதே வேலையைத்தான் செய்யுது. தசையை எலும்போட இணைக்கிறது தசைநாண். மெத்துனு இருக்கிற நாண், கல்லு மாதிரி இருக்கிற எலும்பு, ரெண்டும் நேரா ஒட்டினா ஒரே இழுப்புல பிஞ்சிடும். அதனால நாணுக்கும் எலும்புக்கும் நடுவுல ரெண்டு அடுக்கு குருத்தெலும்பு: முதல்ல மெதுவானது, அப்புறம் சுண்ணாம்பு ஏறினது. மெதுமெதுவா கெட்டியாகிற இணைப்பு. ரிச்சர்ட்சன் பேட்டுல வச்சது அதே தத்துவம்.

17/
முழங்கை வலி வர்ற இடமும் அதே மாதிரி ஒரு இணைப்புதான். முழங்கையோட வெளிப்பக்கம் ஒரு எலும்பு முனை தட்டுப்படும், தொட்டுப் பாருங்க. மணிக்கட்டை மேலே தூக்கற தசைகள் அங்கதான் ஒட்டியிருக்கு. ஆக, பந்தோட அடி கடந்து போற வழியில ரெண்டு இணைப்பு இருக்கு. ஒண்ணு பேட்டுல, இன்னொண்ணு உங்க கையில. முதல் இணைப்புக்கு இருநூறு வருஷமா பாதுகாப்பு பண்ணியாச்சு. ரெண்டாவதுக்கு?

18/
1880கள்லயே அதுக்கும் பேர் வந்துடுச்சு. அப்போ இங்கிலாந்துல புல்தரை டென்னிஸ் புது மோகம். 1882, 1883ல லண்டன் மருத்துவ இதழ்கள்ல டென்னிஸ் ஆடறவங்களோட முழங்கை வலியைப் பத்தி டாக்டர்கள் எழுதினாங்க. 'டென்னிஸ் எல்போ' அப்படித்தான் வந்துச்சு. ஆனா அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1873ல, ஜெர்மனியில ருங்கே இதே வலியை எழுதறவங்க கையில விவரிச்சிருந்தார். பேருதான் டென்னிஸ். வர்றது யாருக்கு வேணும்னாலும் வரும்.

19/
கைப்பிடிக்கு வருவோம். பிரம்பு எங்கிருந்து வருது? தென்கிழக்கு ஆசியக் காடுகள்ல இருந்து. பேட் வியாபாரத்துல நல்ல கைப்பிடிக்கு 'சிங்கப்பூர் பிரம்பு'ன்னே பேர். விலை குறைஞ்ச பேட்டுக்கு அசாம் பிரம்பு. இந்தியாவுல பேட் செய்யற பெரிய ஊர்கள் மீரட்டும் ஜலந்தரும். 1947 பிரிவினையில சியால்கோட்டுல இருந்து வந்த விளையாட்டுப் பொருள் தொழிலாளிகள் கட்டி எழுப்பின தொழில் அது. பிளேடு மரம் காஷ்மீர் வில்லோ. ஒரு சாதாரண பேட்டுக்குள்ள இவ்வளவு ஊர் இருக்கு.

20/
பொருத்தின கைப்பிடி மேல நூல் சுத்தறது அடுத்த கட்டம். பசை தடவி, இடைவெளி விடாம, வளையம் வளையமா. இது அழகுக்கு இல்ல. ஒட்டின பிரம்புத் துண்டுகள் பிரியாம இறுக்கிப் பிடிக்கிறதே இந்த நூல்தான். அதுக்கு மேல ரப்பர் கிரிப். நூல் அவிழ ஆரம்பிச்சதை கவனிக்காம மேல கிரிப் மட்டும் மாத்திக்கிட்டே இருந்தா, உள்ளே கைப்பிடி பிளந்துக்கிட்டு இருக்கும்.

21/
ஆட்டக்காரங்க தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தினதுதான் இதுல சுவாரசியமான பகுதி. வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் கிளைவ் லாய்டுக்குப் பெரிய கை. ஒண்ணுக்கு மேல ஒண்ணா பல கிரிப் மாட்டி கைப்பிடியைத் தடியாக்கி ஆடினார். 2007 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில ஆடம் கில்கிறிஸ்ட் கீழ்க்கை கிளவுஸுக்குள்ள ஒரு ஸ்குவாஷ் பந்தை வச்சுக்கிட்டார். 104 பந்துல 149 ரன். சர்ச்சை கிளம்புச்சு. விதியை மீறலைன்னு எம்சிசி சொல்லிடுச்சு.

22/
சென்னை ரசிகர்களுக்கு இன்னொண்ணு ஞாபகம் இருக்கும். 2010 ஐபிஎல்ல மேத்யூ ஹைடன் மங்கூஸ் பேட்டோட இறங்கினார். பிளேடு குட்டை, கைப்பிடி நீளம். டெல்லிக்கு எதிரா 43 பந்துல 93. ஆனா அந்த பேட் நிலைக்கல. குட்டை பிளேடுல தடுத்து ஆட முடியாது. கைப்பிடியை நீட்டினா ஒண்ணு கிடைக்கும், ஒண்ணு போகும். இப்போதைய விதிப்படி கைப்பிடி பேட்டோட மொத்த நீளத்துல 52 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முக்கியமா பிரம்பாலோ மரத்தாலோ செஞ்சிருக்கணும்.

23/
சச்சினை மறக்க முடியுமா? 2004ல இடது முழங்கையில டென்னிஸ் எல்போ. 2005 மே மாசம் லண்டன்ல ஆபரேஷன். அவர் பேட் மூணு பவுண்டுக்கு மேல, அந்தக் காலத்துக்கு ரொம்ப கனம். வலது கை ஆட்டக்காரருக்கு கைப்பிடியோட மேல் நுனியில இருக்கிறது இடது கை. பேட்டைத் தூக்கறதும் நிறுத்தறதும் அந்தக் கைதான். கனம் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஆனா கனமான பேட் மேல்க்கைக்கு அதிக வேலை கொடுக்கும்.

24/
இப்போ நம்ம மைதானம். லெதர் பந்து 156 முதல் 163 கிராம். சாதாரண டென்னிஸ் பால் 60 கிராமுக்கும் கீழே. அப்போ நம்ம ஆட்டத்துல அடி குறைவுதானே? ஒரு பந்துக்கு குறைவுதான். ஆனா லெதர் ஆடறவருக்குக் கையில கிளவுஸ் இருக்கு. நம்ம பையன் வெறுங்கையோட ஆடறான். பந்து லேசுங்கறதால ஒவ்வொரு பந்தையும் முழு வீச்சுல சுத்தறான். அவனுக்குக் கைப்பிடி மேல சுத்தினதுதான் கிளவுஸ். அதனாலதான் டேப் நமக்கு அலங்காரம் இல்ல.

25/
டென்னிஸ் பால் கிரிக்கெட்டைச் சும்மா நினைக்காதீங்க. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்த ஆட்டத்துல வளர்ந்துதான் 2020 டிசம்பர்ல இந்தியாவுக்கு ஆடினார். 2021 ஜனவரியில பிரிஸ்பேன் டெஸ்ட். அந்த ஆட்டத்தோட கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு, யாரும் எழுதி வைக்கலைன்னாலும். மண்வெட்டிக் காம்புல துணி சுத்தறது, சைக்கிள் ஹேண்டில்பார்ல டியூப் மாட்டறது, இதெல்லாம் தெரிஞ்ச கைதான் பேட்டுக்கும் சுத்துச்சு.

26/
சுத்தற பொருள்களை ஒவ்வொண்ணா பார்ப்போம். கருப்பு டேப்: 1946ல அமெரிக்காவுல மின்கம்பிக்காக வந்தது. பிளாஸ்டிக். தண்ணி உள்ளே போகக்கூடாதுங்கறதுதான் அதோட வேலையே. அதனால உங்க வேர்வையையும் அது உறிஞ்சாது. சித்திரை வெயில்ல அஞ்சாவது ஓவர்ல வழுக்கும். வழுக்கினா என்ன பண்ணுவீங்க? இன்னும் இறுக்கிப் பிடிப்பீங்க. பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது.

27/
இறுக்கிப் பிடிச்சா முழங்கை ஏன் வலிக்கணும்? விரலை மடக்கற தசை முன்கையோட உள்பக்கம். அது இழுக்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து மடங்கப் பார்க்கும். மடங்காம நிறுத்தறது வெளிப்பக்கத் தசை. அதாவது நீங்க எவ்வளவு இறுக்கறீங்களோ, வெளிப்பக்கத் தசையும் அவ்வளவு இறுகும். அதோட நாண்தான் நான் சொன்ன எலும்பு முனையில ஒட்டியிருக்கு. வழுக்கற கைப்பிடி, முழங்கைக்கு வட்டி போட்டு வசூல் பண்ணும்.

28/
பிளாஸ்டர்: எங்க துறையில இருந்து போனது. துணிங்கறதால வேர்வையை உறிஞ்சும், பிடிமானம் நல்லது. ஆனா கோந்து கசிஞ்சு மண் ஒட்டி, ரெண்டு வாரத்துல அழுக்கு உருண்டை. சைக்கிள் டியூப்: தடிமனான ரப்பர், அதிர்வை நல்லா குடிக்கும். ஆனா தளர்வா இருந்தா உள்ளே சுத்தும், கை கொப்பளிக்கும். கடையில விக்கிற ரப்பர் கிரிப்பு பெரிய விலை இல்ல. மேடு பள்ளம் உள்ளதா வாங்குங்க. கைப்பிடி மேல மெல்லிசான பிளாஸ்டிக் கவரைப் போட்டு அது மேல கிரிப்பை ஏத்தினா வழுக்கிட்டு ஏறும். அப்புறம் கவரை உருவிடுங்க.

29/
தடிமன் எவ்வளவு? மெல்லிசா இருந்தா இறுக்கிப் பிடிக்கத் தோணும். ரொம்பத் தடியா இருந்தா விரல் சுத்தி வராது, பிடியில பலம் இருக்காது. டென்னிஸ் ராக்கெட்டுக்கு ஒரு பழைய கணக்கு சொல்வாங்க: பிடிச்சிருக்கும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவுல இன்னொரு கையோட ஒரு விரல் நுழையணும். ஆனா 2006ல வந்த ஒரு ஆய்வுல, பிடியைக் கால் அங்குலம் கூட்டிக் குறைச்சுப் பார்த்தும் முன்கைத் தசை செய்யற வேலையில பெரிய மாற்றம் தெரியல. அதனால மில்லிமீட்டர் பார்த்து மண்டையை உடைச்சுக்க வேண்டாம். கை வழுக்கக்கூடாது, விரல் வசதியா சுத்தி வரணும். அது போதும்.

30/
குழந்தைகள் விஷயத்துல மட்டும் தடிமன் நிஜமாவே முக்கியம். அண்ணனோட பழைய பேட்டை அடியில அறுத்துத் தம்பிக்குக் கொடுக்கறது நம்ம வழக்கம். பிளேடு சின்னதாகும். கைப்பிடி சின்னதாகாது. பத்து வயசுப் பையனோட விரல் பெரியவங்க கைப்பிடியைச் சுத்தி வராது. முழு பலத்தையும் போட்டு இறுக்குவான். அவனுக்குப் போய் கூடுதலா டேப் சுத்தாதீங்க. இருக்கிற கிரிப்பைக் கழட்டி, நூல் மேல ஒரே ஒரு மெல்லிசான கிரிப் போடுங்க.

31/
இன்னொரு எச்சரிக்கை. விரிசல் விட்ட கைப்பிடியை ஆணி அடிச்சு, மேல டேப்பைச் சுத்தி மறைச்சு ஆடறதைப் பார்க்கறேன். டேப் வெறும் கட்டுதான். எலும்பு உடைஞ்ச கையில கட்டுப் போட்டா உள்ளே எலும்பு தானா கூடும். மரம் கூடாது. விரிசல் வளர்ந்துக்கிட்டே இருக்கும், டேப் அதை உங்க கண்ணுல இருந்து மறைக்கும். ஒருநாள் முழு வீச்சுல பிளேடு தனியா பறக்கும். பக்கத்துல ஹெல்மெட் இல்லாத விக்கெட் கீப்பர். கைப்பிடி மாத்தித் தர்ற ஆளுங்க இருக்காங்க. பிளேடு நல்லா இருந்தா மாத்திக்குங்க.

32/
வலி வந்துட்டா? துணி பிழியும்போது, குடத்தைத் தூக்கும்போது, டம்ளர் பிடிக்கும்போது வெளிப்பக்கம் வலிச்சா பெரும்பாலும் இதுதான். உள்ளங்கை கீழே பார்த்தபடி எதையும் தூக்காதீங்க. மஞ்சள் மூட்டையா இருந்தாலும் உள்ளங்கை மேலே பார்க்கற மாதிரி, உடம்போட ஒட்டித் தூக்குங்க. அப்புறம் பிசியோ சொல்ற பயிற்சி: லேசான எடையைக் கையில வச்சு மணிக்கட்டை மெதுவா இறக்கறது. சலிப்பா இருக்கும், ஆனா நாணைப் பலப்படுத்தறது அதுதான். மரத்துப் போறது, கழுத்துல இருந்து வலி இறங்கறது, பிடி விட்டுப் போறதுன்னா உடனே டாக்டரைப் பாருங்க.

33/
"ஒரு ஊசி போடுங்க சார், ஞாயித்துக்கிழமை ஃபைனல்" - இதைத்தான் அதிகம் கேக்கறேன். ஸ்டீராய்டு ஊசி போட்டா சில வாரத்துல வலி நல்லா குறையும். அதுல பொய் இல்ல. ஆனா பிரிஸ்பேன்ல நடந்து 2013ல வெளியான ஒரு ஆய்வைப் பாருங்க. நல்லாகி, ஒரு வருஷத்துக்குள்ள வலி திரும்பினவங்க: ஊசி போட்டவங்கள்ல 54 சதவீதம், வெறும் உப்புத் தண்ணி ஊசி போட்டவங்கள்ல 12 சதவீதம். பெரும்பாலானவங்களுக்கு இந்த வலி ஒரு வருஷத்துக்குள்ள தானா சரியாகும். ஊசி அந்தப் பொறுமையை விலைக்கு வாங்கி, கடனா திருப்பிக் கொடுக்கும்.

34/
இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்னா, சச்சினுக்கு முழங்கை வலிச்சப்போ ஒரு நாடே காத்திருந்தது. சர்ஜன், பிசியோ, ஓய்வு எல்லாம் இருந்தது. நாமகிரிப்பேட்டையில தை, மாசியில மஞ்சள் வெட்டற பையனுக்கு வலி வந்தா மறுநாள் கூலி போகும். செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு மூட்டை தூக்கறவனுக்கு மாத்து ஆள் உடனே கிடைச்சிடும். அவன் ஞாயித்துக்கிழமை ஆடக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். வாரத்துல அவனுக்குன்னு இருக்கிறது அந்த ஒரு நாள்தான்.

35/
அதனால ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாம, கைப்பிடியைக் கவனிக்கச் சொல்றேன். மேட்ச்சுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம்: நூல் அவிழ்ந்திருக்கா? கிரிப் உள்ளே சுத்துதா? முறுக்கிப் பார்த்தா 'கிறீச்' சத்தம் வருதா? வேர்வையைத் துடைக்க இடுப்புல ஒரு துணி. பந்து வர்ற வரைக்கும் பிடியைத் தளர்த்தி வைங்க, அடிக்கும்போது மட்டும் இறுக்குங்க. சும்மா நிக்கும்போதும் கழுத்தை நெரிக்கிற மாதிரி பேட்டைப் பிடிக்க வேண்டாம்.

36/
கிரிக்கெட் சட்டத்துல எனக்குப் பிடிச்ச ஒரு விதி உண்டு. பேட்டைப் பிடிச்சிருக்கிற கையிலோ கிளவுஸிலோ பந்து பட்டா, அது பேட்டுல பட்டதாவே கணக்கு. அதாவது சட்டப்படி உங்க கையும் பேட்டோட ஒரு பகுதி. உடைஞ்ச பேட்டுக்கு மீரட்ல இருந்து வேற கைப்பிடி வரும். இந்தப் பகுதிக்கு மாத்து கிடையாது.

உங்க ஊர்ல பேட் கைப்பிடிக்கு என்ன சுத்துவீங்க? கீழே எழுதுங்க. படம் இருந்தாலும் போடுங்க.